மயக்க மாமாவும் ஒரு பொறையும்

நான் பார்த்த டாக்டர்களிலேயே, நோயாளியை மட்டும் நம்பி, கூட வந்தவரைத் துளிக்கூட நம்பாதவர் மயக்க மாமா ஒருவர்தான். அடையாற்றில் ஒரு பிராணிகள் மருத்துவமனை. ஆபரேஷனுக்கு முன் நாய், பூனைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது அவர் வேலை. நிஜப் பெயர் போர்டில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

என் டைகருக்கு வயிற்றில் கட்டி. பேர்தான் டைகர், பூனையைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளியும் கிழ நாய். மனைவி போனபிறகு மந்தைவெளி வீட்டில் நான் பேசினால் கேட்க அது ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்துகொண்டே அழைத்துப் போனேன்.

"ராத்திரிலேர்ந்து எதுவும் குடுக்கலியே?"

"பச்சத் தண்ணிகூட இல்ல டாக்டர்."

மாமா குனிந்து டைகரின் வாயை மோந்தார். "பொறை," என்றார். "டீல நனைச்சது. இஞ்சி டீ."

எனக்கு மானம் போயிற்று. காலையில் தெருமுனை டீக்கடையில் அது பார்த்த பார்வைக்கு, அந்தக் காய்ந்த ரொட்டியில் ஒன்றே ஒன்று வாங்கி, டீயில் நனைத்துப் போட்டிருந்தேன், மடையன்.

"இன்னா சார் நீ! மயக்கத்துல முழுங்கறதே மறந்துடும் அதுக்கு. வயித்துல கீறது மேல வந்து நுரையீரல்ல பூந்துக்கிச்சுன்னா ஆளே காலி. நாளைக்கு இட்டுனு வா. நீயும் பட்டினியா வா."

"நான் எதுக்கு?"

"நானும் பட்டினிதான் சார். மூணு பேரும் சேந்து கெடப்போம்."

மறுநாள் ஊசி ஏறும்போது மாமா டைகரின் காதில் வாயை வைத்துத் தன் வீட்டுக் கதையை ஆரம்பித்தார். குழாயில் தண்ணீர் வராதது, உப்புமா அடிப்பிடித்தது எல்லாம். "காதுதான் சார் கடைசியா தூங்கும், மொதல்ல முழிச்சிக்கும்." மயக்கத்தில் உடம்பு சில்லிட்டுப் போகுமாம்; தன் சாக்ஸைக் கழற்றி அதற்கு மாட்டினார். மாமாவுக்கு இரண்டு கால்தானே? மீதி இரண்டுக்கு என் சாக்ஸ் போயிற்று.

கட்டி வெளியே வந்தது. டைகர் எழுந்திருக்கவில்லை. கண் திறந்தே இருந்தது, பார்வை இல்லை. நாக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து, மூச்சை எண்ணி எண்ணி, மாமா பேச்சையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது.

"மருந்த நிறுத்தி நேரமாச்சு. நீ கூப்டு சார்."

"டைகர்... டைகர்..." அசைவில்லை. வேறு வழி தெரியாமல், "பொறை வேணுமாடா?" என்றேன்.

காது துடித்தது. அப்புறம் நாக்கு மூக்கை நக்கியது.

"அட, சாகடிக்கப் பாத்ததும் பொறை, எழுப்பி வுட்டதும் பொறை!" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னை எழுப்ப ஆளில்ல சார். அதான் இதுங்களாண்ட பேசிக்கினு கீறேன்," என்றார்.

போன மாதம் மாமாவுக்கே குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'கூட இருப்பவர்' என்ற இடத்தில், என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதியிருந்தார். காலையிலிருந்து பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். வெளியே கொண்டு வந்ததும் காதருகே குனிந்து, "மாமா, பொறை," என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "நீ சாப்ட்டியா சார்?" என்று குழறினார்.

என்னை யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப வருஷமாகிவிட்டது.