டீ கிளாஸுக்கு ஸ்வெட்டர் பின்னிய நூல்கண்டு

கோலார் தங்க வயலில் பூமியைக் குடைந்து தங்கம் எடுத்தவர்கள் பல்லாயிரம் பேர். தெருக் குழாய்க்கு மங்கி குல்லா பின்னிப் போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனிலேயே குடியிருக்கிறார் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் நூல்கண்டு. சுரங்கம் மூடும்வரை வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தார். ஆட்கள் நிற்கும் கேஜ் என்ற கூண்டை இரும்புக் கயிற்றில் சுரங்கக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற வேலை. சுரங்கம் மூடியதும் மற்றவர்கள் பிழைப்புக்காகப் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். இவர் கம்பளி நூலைப் பிடித்தார். முறுக்கு மீசை வைத்த மனிதர் வாசலில் நாற்காலி போட்டு குரோஷா ஊசியும் கையுமாக உட்கார்ந்ததைப் பார்த்து லைனே சிரித்தது. அடுத்த மார்கழியில், சிரித்தவர்கள் அத்தனை பேரும் அவர் பின்னிய மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்கள்.

வைண்டிங் ரூமில் ஒரு கண்டிப்பு உண்டு. கேஜ் ஓடும்போது டிரைவரிடம் யாரும் பேசக்கூடாது. உள்ளே இருப்பவர்களின் உயிர் அவர் கையில். மனிதர் அதை அப்படியே ஊசிக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு வரிசை முடிகிறவரை வாயைத் திறக்க மாட்டார். அவர் மனைவி "சோறு ஆறுது!" என்று பத்து வீட்டுக்குக் கேட்கக் கத்துவார். பதில் வராது. வரிசை முடிந்ததும் நிமிர்ந்து, "இன்னா சொன்ன?" என்பார். அதற்குள் அந்த அம்மாள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

ஒரு கோடையில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வரவே இல்லை. மனு கொடுத்தோம், காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. நூல்கண்டு எங்கள் தெருக் குழாய்க்கு ஒரு மங்கி குல்லா பின்னி மாட்டினார், கழுத்தில் குஞ்சம் வேறு. பார்க்கக் கூட்டம் கூடியது. போட்டோ பெங்களூர் வரைக்கும் போனது. கவுன்சிலர் பதறியடித்து வந்தார்.

"யாருய்யா கொழாய்க்கு குல்லா போட்டது?"

"நாந்தாங்க. பாவம், மூக்கடைச்சிகினு கீது. சரியானா கழட்டிடுறேன்."

அந்த வாரமே தண்ணீர் வந்தது. சொன்னபடி குல்லாவைக் கழற்றி, துவைத்து, அதே கவுன்சிலருக்குக் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்!

இதெல்லாம் சில்லறை விஷயம். நான் சொல்ல வந்தது நசீமா அக்கா கடைக் கதை.

ஸ்டேஷன் பக்கத்தில் நசீமா அக்காவுக்கு ஒரு டீக்கடை. கணவர் இறந்த பிறகு அவருக்கும் காலேஜ் போகும் மகளுக்கும் சோறு போடுவது அந்தக் கடைதான். போன தேர்தல் சமயத்தில் ஊர்க் காற்றே கெட்டுப்போயிருந்தது. வீட்டுக்கு வீடு கொடி. நம் ஆட்கள் நம் ஆட்களின் கடையில் மட்டும்தான் வாங்க வேண்டும் என்று போனில் ஒரு செய்தி சுற்றியது. எங்கள் லைனில் அதை எல்லாருக்கும் அனுப்பி வைத்தவன் ரமேஷ், இளைஞர் அணித் தலைவன். பிள்ளையாக இருந்தபோது அந்தக் கடை பன்னைத் தின்றே வளர்ந்தவன். மறுநாளிலிருந்து எல்லாரும் கடையைத் தாண்டும்போது மட்டும் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி நடந்தார்கள். என்னைப் போல அந்த டீ இல்லாமல் கண் திறக்காத மூன்று பேர்தான் மிச்சம். மாசக் கடைசியில் கடையை மூடிவிட்டுப் பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போகப்போவதாக நசீமா அக்கா சொன்னார். எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்த நூல்கண்டு அந்தப் பக்கம் திரும்பி மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மனிதர் ஊசியும் நூலுமாக வீடு வீடாகக் கிளம்பினார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி.

"உங்கப்பா டோக்கன் நம்பரு இன்னா?"

சுரங்கத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் உண்டு. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பிறந்த தேதியை மறப்பார்கள், அப்பாவின் டோக்கன் நம்பரை மறக்க மாட்டார்கள். சொன்னார்கள். சொன்ன நிமிடமே இவர் வாசலில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார்.

"எதுக்குண்ணா? பட்டா குடுக்கப் போறாங்களா?"

லைன் வீடுகளுக்குப் பட்டா வரும் என்று எத்தனையோ தேர்தலாகக் காத்திருக்கிற ஜனம் நாங்கள். கேட்டவருக்குப் பதில் வரவில்லை, ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

"பெரிய எடத்து விஷயம் போலகீது. வாயத் தொறக்க மாட்றாரு பாரு!"

போதாதா? சாயங்காலத்துக்குள் பட்டா நிச்சயம் என்று லைன் முழுக்கப் பேச்சு. அவருக்கு ஒரு வீட்டில் காபி, இன்னொரு வீட்டில் கேசரி. எப்போது கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு, வரிசை முடிந்தபோது ஒரே பதில்: "ஞாயித்துக்கெழம காலீல நசீமா கடைக்கு வாங்க."

வந்தார்கள். ஆதார் கார்டு, கரண்ட் பில், அப்பா போட்டோ எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். கடைச் சுவரில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் டீ கிளாஸுக்குப் போடுகிற ஒரு கம்பளிச் சட்டை, அதன்மேல் ஒரு டோக்கன் நம்பர். சூடான கிளாஸைப் பிடித்தால் விரல் சுடாது. என் அப்பா நம்பரும் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ ஆவி என்று சமாளித்தேன்.

"இன்னாண்ணா இது? பட்டா எங்க?" என்றான் ரமேஷ்.

நூல்கண்டு கடைசிச் சட்டையின் கடைசி வரிசையில் இருந்தார். கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முடிச்சுப் போட்டார், நூலைக் கடித்தார், நிமிர்ந்தார்.

"பட்டான்னு நான் சொன்னனா? ஷிஃப்டு முடிஞ்சும் டோக்கன் ஆணியில தொங்குனா இன்னா அர்த்தம்? உங்கப்பன் சொல்லலியா?"

அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கீழே இறங்குகிறவர் டோக்கனை மாட்டிவிட்டு இறங்குவார், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். தொங்கினால் ஆள் இன்னும் மேலே வரவில்லை. யாராக இருந்தாலும் தேடித்தான் ஆக வேண்டும்.

"பாதி லைனு மேல வரல, ரமேஷு. நசீமா அப்பா நம்பரும் உங்கப்பன் நம்பரும் பக்கத்துல பக்கத்துல தொங்குது பாரு. ரெண்டு பேரையும் ஒரே கேஜுல எறக்கி ஏத்துனவன் நானு."

நசீமா அக்கா டீயை ஆற்றிக்கொண்டே, "திட்டறதுன்னா குடிச்சிட்டுத் திட்டுங்கப்பா, ஆறிடும்" என்றார்.

ரமேஷ் அவன் அப்பா நம்பரை எடுத்தான். மிச்ச நூல்களில் பின்னியது, எல்லாக் கட்சிக் கலரும் கலந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க கலரு ரெண்டு வரிதானா?"

"நூலு அவ்ளோதான் இருந்துச்சு."

கிளாஸை அதற்குள் விட்டான். ஒரு வாய் குடித்தான். நசீமா அக்காவைப் பார்க்காமல், "சக்கர கம்மிக்கா" என்றான். எங்கள் லைனில் இதைவிடப் பெரிய மன்னிப்பை யாரும் கேட்டதில்லை. அக்கா ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டார். அதற்குப் பிறகு ஆணியில் கை வைக்கத் தள்ளுமுள்ளு.

கடை மூடவில்லை. நசீமா அக்கா மகள் இப்போது காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள். எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். சில சட்டைகள் அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிய ஆணியிலேயே இன்னும் தொங்குகின்றன. வாராவாரம் நூல்கண்டு எல்லாவற்றையும் எடுத்துத் துவைக்கிறார், தொங்குகிறவற்றையும் சேர்த்து.

"யாரும் தொடாததை எதுக்குண்ணா துவைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வர்ற அன்னிக்கு தூசியா இருந்தா இன்னா நெனைப்பாங்க?"

அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அலசிக் கொடுப்பதை ஒவ்வொன்றாகப் பிழிந்து காயப்போடுகிறேன்.