பதினொரு மணித் தண்ணீர்

திருத்தங்கல்,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் அன்பரசன் அவர்களுக்கு,

தங்கை அருணாதேவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மைத்துனரும் நலம். மழை இல்லை, பட்டாசுத் தொழிலுக்கு அதுவும் நலம். காரியாபட்டியில் நீங்களும் மதினியும் கடையும் மதினியின் முழங்காலும் நலமென்று நம்புகிறேன். நான்கு நாட்களாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. தபால்காரர் கடைக்குள்ளேயே வந்து கையில் கொடுத்துவிட்டுப் போவார் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

மகள் பிரீத்திகாவை ஒரு மாதம் என்னிடம் அனுப்பியபோது நீங்கள் ஒப்படைத்த வேலை எனக்கு மறக்கவில்லை. "எம்.எஸ்சி. கணக்கு முடிச்சது போதும். கம்ப்யூட்டருக்குள்ள வெயிலடிக்க வைக்க ஒரு டாக்டர் பட்டமா, அதுக்கு அஞ்சு வருசமா? பேசாம பி.எட். சேரச் சொல்லு. நீ சொன்னா கேப்பா" என்றீர்கள். நானும் புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். எந்த இடத்தில் பிசகியது என்று யோசித்துப் பார்த்தால், முதல் நாள் காலை இட்லி வேகும்போதே பிசகிவிட்டது.

"நீ படிக்கப்போறது என்ன படிப்புடி?" என்று ஆரம்பித்தேன். தொட முடியாததையும் உடைத்துப் பார்க்கக் கூடாததையும் கணக்காக மாற்றி, கம்ப்யூட்டருக்குள் ஒரு போலியைக் கட்டி, அங்கே உடைத்துப் பார்க்கிற படிப்பு என்றாள். சென்னையில் அவள் சேரப்போகும் அறையில் ஒரு பையன் இதய வால்வில் ரத்தம் சுழல்வதைப் பார்க்கிறானாம், பக்கத்து மேஜைப் பெண் பாலத்தைக் காற்று தள்ளுவதைப் பார்க்கிறாளாம், மூன்றாவது ஆள் புயல் எங்கே கரையேறும் என்று பார்க்கிறாராம், மூவருக்கும் அடிப்படைக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதானாம், மூவரும் ஒரே பிளாஸ்கில் டீ குடிக்கிறார்களாம். "அப்ப நீ டாக்டரா, இன்ஜினியரா?" என்றேன். "ரெண்டு பேருக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவ, அத்தை. இட்லிக்குள்ள சூடு போறதுகூட அதே கணக்குதான்" என்றாள். புத்தி சொல்ல வந்தவள், "அப்ப எம்புட்டு நேரத்துல வேகும்?" என்று கேட்டுவிட்டேன். அண்ணே, அங்கே போனதுதான் என் கௌரவம்.

மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டபோது, மாமாவின் பனியன் பதினொன்று நாற்பதுக்குக் காயும், துண்டு ஒன்று இருபதுக்குக் காயும் என்றாள். சிரித்துக்கொண்டே கீழே இறங்கினேன். ஆனாலும் மனசு கேட்காமல் பதினொன்று நாற்பதுக்கு ஏறித் தொட்டுப் பார்த்தேன், பனியன் மொறுமொறுவென்று இருந்தது. ஒன்று இருபதுக்கு மறுபடி ஏறித் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதுவும் காய்ந்திருந்தது, அதற்குள் கீழே புளிக்குழம்பு அடிப்பிடித்துக் கருகி வீடெல்லாம் புகை. மத்தியானம் சாப்பிட வந்த உங்கள் மைத்துனர், "பட்டாசுக் கம்பெனியில ஒரு பொறி பறக்காமக் காப்பாத்திட்டு வந்தா, வீட்டுல இப்படிப் புகையுதே!" என்றார். நடந்ததைச் சொன்னேன். தயிர்சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தவர், "அப்ப நம்ம கம்பி மத்தாப்பு எப்பக் காயும்னு சொல்லுவாளா?" என்றார். உங்கள் மகளை நான் கெடுக்கவில்லை அண்ணே, அவள்தான் ஒரே நாளில் எங்கள் இருவரையும் கெடுத்தாள்.

எங்கள் கம்பெனியில் மத்தாப்புக் கம்பிகளை மருந்தில் முக்கி, மரச்சட்டத்தில் வரிசையாகக் குத்தி, கிழக்கு மேடையிலும் மேற்கு மேடையிலும் வெயிலில் வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே வெயில்தான். ஆனால் கிழக்கு மேடையில் காய்வதற்கு எப்போதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகம் ஆகும். ஏனென்று யாருக்கும் தெரியாது. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் உங்கள் மகள் ஒரு நோட்டும் பென்சிலும் கண்ணாடித் தெர்மாமீட்டரும் எடுத்துக்கொண்டு, எல்லோரையும் போல வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். செருப்பு ஆணி சிமெண்டில் உரசி ஒரு பொறி வந்தால் போதும் என்பதால் இங்கே எல்லோருக்கும் வெறுங்கால்தான். மூன்று நாள் வெயிலையும் காற்றையும் ஈரத்தையும் அளந்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இரண்டு மேடையும் ஒரே நேரத்தில் காய வேண்டும் என்று வந்தது. தப்பு!

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது என்பதை மறைக்கவில்லை. இதுதான் சமயமென்று, "பாத்தியா, உங்கப்பா சொன்னதுதான் சரி" என்று ஆரம்பித்தேன். அவள் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தாள். "தப்பா வந்தாத்தான் அத்தை நல்லது. நான் எதையோ விட்டுட்டேன்னு அது சொல்லுது" என்றாள். காற்றை மாற்றிப் பார்த்தாள், சுவரை மாற்றிப் பார்த்தாள், மேடையின் உயரத்தை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் உங்கள் மைத்துனரிடம் வந்து, "மாமா, கிழக்கு மேடைப் பக்கம் பதினொரு மணி வாக்குல யாரோ தண்ணி ஊத்துறாக. ஒன்றரைக் குடத்துக்குக் குறையாது, ரெண்டரைக்கு மேல போகாது" என்றாள்.

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய், "என்ன தனுஷ்கோடி, மத்தாப்பு காயுற எடத்துல தண்ணியா ஊத்துறீக?" என்று போர்மேனைப் பிடித்தார். தனுஷ்கோடி, "தண்ணியா? நம்ம கம்பெனியிலயா?" என்று கூரையைப் பார்த்தார். அப்போது கம்பி முக்கும் பாண்டிமீனா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாந்தான் ஊத்துறேன் மொதலாளி. ரெண்டு கொடம். அந்தச் சிமெண்டுப் பாதையில வெறுங்காலோட சட்டத்தத் தூக்கிக்கிட்டு நீங்க ஒரு தடவ நடந்து பாருங்க. பொறவு ஏசுங்க."

மணி பதினொன்று ஐந்து. உங்கள் மைத்துனர் ரோஷக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். எட்டு அடி வரை முதலாளியாக நடந்தார். ஒன்பதாவது அடியில் "ஆத்தாடி!" என்று துள்ளி, தண்ணீர் ஊற்றிய ஈரத்தில் போய் நின்றுகொண்டார்.

"இன்னும் ரெண்டு கொடம் கொண்டாரவா மொதலாளி?" என்றாள் பாண்டிமீனா.

மேற்குப் பாதையில் வேப்பமர நிழல் உண்டு, அங்கே தண்ணீர் தேவையில்லை. கிழக்கே ஊற்றிய தண்ணீர் ஆவியாக எழும்பி, பக்கத்து மேடையைக் காயவிடாமல் இழுத்தடித்திருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது அண்ணே. இருபது வருஷமாக நானும் அதே வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறேன். வாசலிலிருந்து ஆபீஸ் அறை இருபது அடி, அதுவும் நிழல். பதினொரு மணிக்கு மேல் மத்தாப்புக் காயும் களத்துப் பக்கம் நான் போனதே இல்லை. வேதியியல் படித்தவள், மருந்தின் சூடு தெரியும், பாதையின் சூடு தெரியவில்லை. பார்க்காத ஒன்றை, அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று இந்தப் பெண்ணின் கணக்கு விரலை நீட்டிக் காட்டியது. அதற்கு முன்னால் எனக்குக் கைகட்டி நிற்கத் தோன்றியது.

அன்றைக்கே பிரீத்திகா கால்களையும் கணக்கில் சேர்த்தாள். சூடு ஏறாமல் இருக்கப் பாதைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி, எந்தெந்த இடத்தில் தென்னைநார் விரிப்புப் போட வேண்டும் என்றும் குறித்துக் கொடுத்தாள். இப்போது தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, இரண்டு மேடையும் ஒன்றாகக் காய்கின்றன. பாண்டிமீனா அவளிடம், "ஏத்தா, எங்க வீட்டு அடுப்புப் புகை ஏன் மூஞ்சிக்கே வருதுன்னும் உன் பெட்டியில போட்டுப் பாரேன்" என்கிறாள்.

ஆகவே, நீங்கள் ஒப்படைத்த வேலையில் நான் தோற்றுவிட்டேன். வருகிற திங்கட்கிழமை அவள் சென்னையில் சேர வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு அடியும் எடுத்து வைக்க மாட்டாள், நானும் விட மாட்டேன். முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன்.

மதினிக்கு என் அன்பு. உங்கள் இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், இப்போதெல்லாம் கால்களைப் பற்றி நிறைய யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தங்கை,
அருணாதேவி.

பின்குறிப்பு: நேற்றுச் சாயங்கால ரயிலில் அவளைச் சென்னைக்கு ஏற்றி அனுப்பிவிட்டேன். போவதற்கு முன்னால் உங்கள் கோபத்துக்கும் ஒரு கணக்குப் போட்டாள். முதல் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றுவீர்களாம், குழம்பு கருகிய இடத்தில் மதினியைக் கூப்பிட்டு உரக்கப் படிப்பீர்களாம், பாண்டிமீனா பேசிய இடத்தில் சத்தம் நின்றுவிடுமாம், அதற்கு மேல் இரண்டு பத்தி போனால் உண்மையைச் சொல்லும் அளவுக்குச் சூடு இறங்கியிருக்குமாம். அதனால்தான் இவ்வளவு நீளம் எழுதினேன். கணக்குத் தப்பி நீங்கள் இன்னமும் கோபமாக இருந்தால் என்னைத் திட்ட வேண்டாம். நேராக அவளுக்கே போன் போடுங்கள். எதை விட்டுவிட்டோம் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறாள்.