மூன்று வாரம் பிந்தி வந்த பூனைப்படை

எங்கள் மலையிலிருந்து இறங்கி ரபாத்துக்குப் போய்க் கணிதம் படிக்கும் முதல் பெண்ணாகிய அன்பு மருமகள் இஜ்ஜாவுக்கு, பதினெட்டுக் குடும்பங்களின் விதை பார்லியை ஒற்றை ஆளாய்க் காத்துவரும் தானியக் கோட்டைக் காவலன், உன் மாமன் பெலயித் எழுதுவது. ஸலாம். இங்கே உன் மாமியும் ஆடுகளும் நலம். நான்தான் நலமில்லை.

வரும் வியாழன் சந்தை கலைந்ததும் ஊர்ச்சபை கூடி என் கோட்டைச் சாவியைப் பிடுங்கப்போகிறது. எல்லாம் உன் கணக்கால் வந்த வினை. "எலி பெருகினா பூனை பெருகும், பூனை பெருகினா எலி குறையும், தானியத்துக்கு ஒரு அளவு இருக்கறதால ஆடி ஆடிக் கடைசியில ரெண்டும் ஒரு நிலைக்கு வந்துடும் மாமா" என்று போனில் சொன்னவள் நீதானே? வந்ததா நிலைக்கு? சபை உத்தரவிட்டால்தான் வீட்டுக்கு இத்தனை பூனை என்று கோட்டைக்குக் கொடுப்பார்கள், உனக்கே தெரியும். நாற்பது எலி என்று நான் அறிவிக்க, ஒன்பது பூனைகள் வந்தன. உள்ளே நானூறு எலிகள் மீசை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்பதும் தின்று கொழுத்து, குட்டி போட்டு, படியிறங்க முடியாமல் உருண்டன. சரி, நானூறு என்று அறிவித்தேன். தொண்ணூறு பூனைகள் அணிவகுத்து வந்தன. அதற்குள் எலிகள் தீர்ந்து, மிச்சமிருந்த ஒரே எலிக்குத் தொண்ணூறும் வரிசையில் நின்றன. பசி தாங்காமல் சபைத் தலைவர் ஹாஜி உபெல்லா கோட்டைக்குள் வைத்திருக்கும் சேமிப்பு அறையில் புகுந்து உப்புக்கண்டம், பழைய வெண்ணெய் எல்லாவற்றையும் நக்கித் தீர்த்துவிட்டன.

"டேய் பெலயித்து! நீ காக்கறது பார்லியையா, பூனையையா? என் கறி எங்கடா?"

"ஹாஜி, எல்லாம் சமநிலையை நோக்கிப் போயிட்டிருக்கு."

"உன்னைத்தான்டா அனுப்பப்போறேன் சமநிலைக்கு!"

பூனைகளை விரட்டினார்கள். இப்போது எலிகள் நாலாயிரம். சத்தியமாக நாலாயிரம், குறைந்தால் நானூற்றுப் பத்து. விதைப்புக்கு முன் பார்லி போய்விடும்.

நேற்று நீ போனில், "எண்ணினதுக்கும் பூனை வர்றதுக்கும் நடுவுல எத்தனை நாள் மாமா?" என்று கேட்டாய். மூன்று வாரம் என்றேன். "அதான் கோளாறு! தாமதம் கொஞ்சமா இருந்தா ஆட்டம் தானா அடங்கும். ஒரு எல்லையைத் தாண்டினா ஆட்டம் அடங்கவே அடங்காது" என்றாய். ஆகவே, தாமதம் முழுவதும் சபையினுடையது, என் மாமன் பச்சைக் குழந்தை என்று பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு தாள் எழுதி வியாழனுக்குள் அனுப்பு.

உன் பேனாவில் மை வற்றாமலும் உன் நோட்டுப் புத்தகத்தை எலி கடிக்காமலும் இறைவன் காப்பானாக.

மாமன் பெலயித்

பின்குறிப்பு: முத்திரை வேண்டாம். நான் எண்ணிக்கை சொன்னால் சபை எப்போதுமே தேநீர் ஆறுவதற்குள் தீர்மானித்துவிடும். பூனைகளும் அன்றைக்கே வந்துவிடும். அந்த மூன்று வாரம் என்னுடையது. எலியைக் கண்டால் எனக்கு உயிரே போய்விடும், இஜ்ஜா. காவலனான நாளிலிருந்து நான் கோட்டைக்குள் கால் வைத்ததில்லை. எண்ணுவது உன் மாமி. நாங்கள் சண்டை முடிந்து பேசிக்கொள்வது மூன்று வாரத்துக்கு ஒரு முறை. எண்ணிக்கையும் அப்போதுதான் என் காதுக்கு வரும். இதை அவளே இன்று காலை ஹாஜியிடம் போட்டு உடைத்துவிட்டாள். வியாழன்வரைகூடக் காத்திருக்காமல் சாவி அவள் இடுப்புக்குப் போய்விட்டது. உடனே எண்ணினாள், மதியத்துக்குள் பூனைகளை வரவழைத்தாள், பார்லி பிழைத்தது. கோட்டை வாசலில் என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு எலி இருக்கு, வெளியிலயே நில்லுங்க" என்றாள். சண்டை போட்டு நாலே நாள்தான் ஆகிறது, அதற்குள் பேசிவிட்டாள்!