இயந்திரத்துக்கு வாய்த்த ஞானத்தந்தை

எங்கள் ஊர் சான் லாசரோவில், ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தை இல்லாமல் எதுவும் பிறப்பதில்லை. கல்யாணக் கேக்குக்கு ஒருவர், பள்ளிக்கூட மணிக்கு ஒருவர், பஸ்ஸின் ஸ்டெப்னிக்குக்கூட ஒருவர் உண்டு. அப்படியிருக்க, சிறுநீரகம் வேலை செய்யாத பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் இயந்திரம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தால், அதை அநாதையாக விட்டுவிட முடியுமா? மாண்புமிகு துணை அமைச்சரே ஞானத்தந்தையாக இருக்க இசைந்தருளினார். இயந்திரத்துக்கு மூவர்ண ரிப்பன் கட்டி, தலையில் காகிதப்பூ சொருகினார்கள். பேண்டு வாத்தியத்துக்கு எங்களை அமர்த்தினார்கள். நான் டிரம்பெட், எலெயுத்தேரியோ பெரிய மேளம்.

அந்த எலெயுத்தேரியோவின் மகள்தான் பக்கத்து அறையில் கிடந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை. முகம் வீங்கி, கண்ணே தெரியவில்லை. அவன் மேளத்தைக் கழற்றாமலே தலைமை டாக்டர் பெனாவிதெஸிடம் போய் நின்றான்.

"திறந்து வைக்காத அரசுச் சொத்தைத் தொட்டா அது திருட்டு, தம்பி. பொறுத்துக்கோ. ஞானத்தந்தை வரட்டும். முதல் ஆள் உன் பொண்ணுதான்" என்றார் அவர், நிஜமான கருணையோடு.

ஞானத்தந்தை எங்கே வர? குடிதண்ணீர் கேட்டு மலையடிவாரத்துக்காரர்கள் ரோட்டில் பாறையை உருட்டி மறியல் செய்துகொண்டிருந்தார்கள். பாழாய்ப்போன ஜனங்கள், அடுத்தவன் கஷ்டம் தெரிகிறதா என்று நாங்கள் வயிறெரிந்து திட்டினோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா? குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

நர்ஸ் செனோபியாதான் டாக்டரை மடக்கினாள்.

"டாக்டர், ரிப்பனை வெட்டினாத்தானே திறப்பு விழா?"

"ஆமா."

"வெட்டாம ஓட்டினா?"

டாக்டர் நெடுநேரம் யோசித்தார். ரிப்பன் வெட்டாதவரை இயந்திரம் திறக்கப்படவில்லை. திறக்கப்படாத இயந்திரம் ஓடாது. ஓடாத இயந்திரத்தை ஓட்டியதாக யாரும் குற்றம் சாட்ட முடியாது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை என்று கண்டு, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். செனோபியா ரிப்பனுக்கு அடியில் குழாய்களை நுழைத்துக் குழந்தையோடு இணைத்தாள். காகிதப்பூ ஆட ஆட, ஓடாத இயந்திரம் இரண்டு நாள் ஓடியது. முகத்து வீக்கம் வடிந்து குழந்தைக்கு மூக்கு முளைத்தது. எலெயுத்தேரியோ என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதான்.

மறியல் முடிந்து ஞானத்தந்தை வந்து சேர்ந்தார். ரிப்பனை வெட்டினார். அடுத்து அவர் திருக்கரத்தால் இயந்திரத்தை ஓடவைக்க வேண்டுமாம். அதற்காக, குழந்தையோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்த அதை ஒரு நிமிஷம் நிறுத்தலாம் என்று டாக்டர் செனோபியாவின் காதைக் கடித்தார். எலெயுத்தேரியோ மேளக்குச்சியோடு குறுக்கே வந்து நின்றான். செனோபியா புன்னகையோடு ஞானத்தந்தைக்கு வேறொரு பொத்தானைக் காட்டினாள். அபாய மணி அடித்தால் அதன் வாயை மூடுவதற்கான பொத்தான் அது. பழக்கப்பட்ட கை போலிருக்கிறது, தயங்காமல் அழுத்தினார். நாங்கள் வாசித்தோம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அந்நேரம் பார்த்துக் குழந்தை மூத்திரம் பெய்தது.

"மாண்புமிகு கை பட்டதுமே சிறுநீரகம் திறந்துவிட்டது" என்று டாக்டர் மைக்கில் அறிவித்தார். ஊர் முழங்காலிட்டது. எலெயுத்தேரியோ அந்தக் கையை விடாமல் முத்தமிட்டான். செனோபியாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

அதன்பிறகு அந்தக் கை படாமல் இயந்திரத்தில் குழந்தையைப் படுக்கவைக்க எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. துணை அமைச்சர் எங்கள் ஊரிலேயே குடியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். பதில் வராமற்போகவே, ஊருக்குள் வரும் பாலத்தில் நாங்களும் பாறையை உருட்டினோம். உருட்டுவதற்கு ஊக்கமாக நான் டிரம்பெட் ஊதினேன்.

மதியம் அக்கரையில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மலைக்கிராமத்துக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொண்டு செனோபியா இறங்கி ஓடிவந்தாள். பிறந்ததிலிருந்து மூத்திரம் போகவில்லை, வழியை விடுங்கள் என்று கெஞ்சினாள்.

எலெயுத்தேரியோ பாறையைவிட்டு எழுந்து, நிஜமான கருணையோடு சொன்னான்: "பொறுத்துக்கோங்க, சிஸ்டர். ஞானத்தந்தை வரட்டும். முதல் ஆள் உங்க குழந்தைதான்."