காலையில நல்லாத்தான் இருந்தா

வாசகர்களுக்கு இன்று ஓர் இனத்தை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. இதைத் தேடிக் காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டாம். ஏதாவது ஒரு பன்னாட்டுப் பள்ளியின் வாசலில், முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன் போய் நின்றால் போதும். கார்கள் வரிசையாக வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும். அவற்றில் ஒன்றிலிருந்து இறங்கும் ஒருவர் பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்வார். காலர் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் கை காலருக்குள் போய், பின்கழுத்தில் புறங்கையை ஒரு நொடி வைத்துவிட்டு வெளியே வரும். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள். வெடிகுண்டு வெடிக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவரின் நிம்மதி அதில் இருக்கும்.

இவர்தான் காலை மருந்துக்காரர்.

காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கு விடிந்ததும் மருந்தைப் புகட்டி, உடம்பு குளிர்ந்திருக்கும் இடைவெளியில் பள்ளிக்குள் தள்ளிவிட்டு, மருந்தின் வேலை முடிவதற்குள் அலுவலகத்தில் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவர் எவரோ, அவர். தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். படித்தவர்கள், பண்பானவர்கள், பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். உயிரை வைத்திருப்பார்கள். லீவு மட்டும் வைத்திருக்க மாட்டார்கள்.

இவர்கள் வீட்டில் காய்ச்சல் என்ற சொல்லே கிடையாது. அங்கே இருப்பது 'லேசான சூடு'. அது போர்வைச் சூடாக இருக்கலாம். தூங்கி எழுந்த சூடாக இருக்கலாம். நேற்று விளையாடிய சூடு இன்றும் மிச்சமிருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பல் முளைக்கும் சூடு என்று சொன்னவர்களும் உண்டு. தெர்மாமீட்டர் வேறு கருத்துச் சொன்னால் அதற்கு மறுவாய்ப்புக் கொடுப்பார்கள். வலது கக்கத்தில் வைப்பார்கள், இடது கக்கத்தில் வைப்பார்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு வைப்பார்கள். ஏலக்கடையில் விலை ஏறிக்கொண்டே போகும். இங்கே இறங்கிக்கொண்டே வரவேண்டும். இறங்கவில்லையென்றால் பேட்டரி போய்விட்டது.

காய்ச்சல் மருந்து காய்ச்சலைத் தூங்கத்தான் வைக்கும், வீட்டைவிட்டு அனுப்பாது. முற்பகலில் அது கண் விழித்துக்கொள்ளும். எந்தப் பள்ளியானாலும் சிக் ரூமில் கூட்டம் சேருகிற நேரம் அதுதான். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கன்னம் சிவந்து வந்து சேருவார்கள். அவர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி போகும். எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே பதில் வரும், சேர்ந்து ஒத்திகை பார்த்ததுபோல: காலையில நல்லாத்தானே இருந்தா?

இது பாதிப் படம்தான். மறுபாதி இன்னும் அழகு. தன் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் இதே மனிதர், அடுத்தவர் பிள்ளையின் மூக்கை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பக்கத்து இருக்கைப் பையன் இரண்டு தும்மல் போட்டான் என்று பிள்ளை வந்து சொன்னால் போதும், பெற்றோர் வாட்ஸப் குழுவில் அன்று தீ பிடிக்கும். பொறுப்பில்லாத பெற்றோர் என்பார், சமூக உணர்வு என்பார், கையைக் கூப்பும் பொம்மையைக் கடைசியில் போடுவார்.

இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் அப்பா. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. விண்ணப்பம் போடுகிறவர்கள் தங்கள் நோயை மறைக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஆஸ்துமாவைத் 'தொண்டைக் கமறல்' என்று எழுதுகிறவனை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். பிடித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்: மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? பள்ளியின் சுகாதாரக் குழுவில் பெற்றோர் சார்பில் அவர் உறுப்பினர். காய்ச்சல் வந்த பிள்ளை ஒரு முழு நாள் காய்ச்சலில்லாமல் இருந்தால்தான் திரும்பி வரலாம் என்ற விதி அவர் கொண்டுவந்தது. அதிலும் 'மருந்து கொடுக்காமல்' என்ற சொற்களைச் சண்டை போட்டுச் சேர்த்தவர் அவர். மருந்தைக் கொடுத்து ஏமாற்றுவார்கள், எனக்குத் தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழுவில் அவருக்குச் 'சட்டம்' என்று பட்டப்பெயர். அவருக்கு அது தெரியாது, தெரிந்தால் மகிழ்வார்.

சட்டத்தின் மனைவி, தங்கையின் பிரசவத்துக்காக வேறு ஊருக்குப் போயிருந்த சமயம். அன்று இவர் அலுவலகத்துக்கு மேலிடத்து டைரக்டர்கள் வருகிற நாள். விடியும்போது பிள்ளையைத் தொட்டார். தோசைக்கல் மாதிரி இருந்தாள். மனைவி போனில் வந்தாள்.

"எப்படி இருக்கா?"

"லேசான சூடு."

"லேசான சூடா? அது நான் கண்டுபிடிச்ச வார்த்தைங்க. என்கிட்டயே விக்கிறீங்களா? எத்தன காட்டுது?"

"நூத்தி ஒண்ணுகிட்ட."

"எந்தப் பக்கத்துல இருந்து கிட்ட?"

"இன்னைக்கு டைரக்டருங்க வர்றாங்கடி."

அவளும் அதே இனம், எல்லாம் புரிந்தது.

"சரி. அலமாரில ஆரஞ்சு வாசனை அடிக்கிற பாட்டில எடுங்க. கசக்கறதைக் குடுத்தீங்கன்னா கார்லயே வாந்தி எடுத்துடுவா, அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்."

ஆரஞ்சு வாசனை உள்ளே போயிற்று. ஆனால் பள்ளி வாசலுக்கு வந்தபோதும் கழுத்து சுட்டது. மருந்து வேலை செய்ய அதற்கும் சற்று நேரம் வேண்டும். நேரம்தான் அவரிடம் இல்லை. காரிலேயே பாட்டிலைத் திறந்து இன்னொரு வேளை கொடுத்தார்.

நல்ல மருந்துதான். ஆனால் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே இடைவெளி விடவேண்டும். விடாமல் மேலே மேலே ஊற்றினால் ஈரலுக்கு ஆகாது. இதை அவர் அறியாதவர் அல்ல. போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் படம் போட்டுப் பேசியிருக்கிறார்.

"சிக் ரூம் சிஸ்டர் கேட்டாங்கன்னா என்ன சொல்லுவ?" என்றார் பிள்ளையிடம்.

"நல்லா இருக்கேன்னு."

"மருந்து சாப்பிட்டியான்னு கேட்டா?"

"சாப்பிடல."

"சமத்து."

"அது பொய் இல்லையாப்பா?"

"பொய் இல்லம்மா. இது நம்ம வீட்டு விஷயம். வீட்டு விஷயத்த வெளில சொல்லக்கூடாது, அவ்வளவுதான்."

பிள்ளை யோசித்துத் தலையாட்டியது. காலர் சரிசெய்யப்பட்டது. கார் கிளம்பியது.

பள்ளியின் சிக் ரூமை ஆளுகிற நர்ஸ் சிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பெண்மணி, ஐஸில் அசையாத நம்பிக்கை உள்ளவர். முழங்காலில் அடிபட்டாலும் ஐஸ், வயிறு வலித்தாலும் ஐஸ், கணக்குப் பரீட்சை வந்தாலும் ஐஸ். ஐஸால் முடியாததற்கு அலமாரியில் ஒரே ஒரு காய்ச்சல் மருந்து வைத்திருந்தார். வீட்டில் கேட்டுக்கொண்டு ஒரு வேளை கொடுக்கலாம் என்று எல்லாப் பெற்றோரும் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முற்பகலில் அவர் போன் செய்தபோது சட்டம் டைரக்டர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். 'முக்கியமான அழைப்பு' என்று வாயசைத்துவிட்டு நடைவழிக்கு வந்தார்.

"சார், பாப்பாவுக்கு நூத்தி ரெண்டு தாண்டிடுச்சு. படுக்க வெச்சிருக்கேன்."

"அப்படியா? காலையில நல்லாத்தானே இருந்தா."

"காலைல மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லையே."

எவ்வளவு இயல்பாக வந்தது. விண்ணப்பதாரர் ஒருவர் இதே குரலில் சொல்லியிருந்தால் அவர் சிவப்பு மையால் சுழித்திருப்பார்.

"அவளும் அப்படித்தான் சொன்னா. சரி, அப்ப நான் ஒரு வேளை மருந்து குடுத்துடறேன். நீங்க மெதுவா கிளம்பி வாங்க."

மெதுவாகக் கிளம்பி வரலாம் என்றதும் முதலில் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம்தான் கணக்குப் போட்டார். வீட்டில் ஒன்று, காரில் ஒன்று, இப்போது ஒன்று.

"வேண்டாம் சிஸ்டர்."

"ஏன் சார்?"

"ஐஸ் வெக்கலாமே."

"ஐஸ் வெச்சாச்சு."

அது கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான், வாசகரே, இந்த இனத்தின் உண்மையான திறமை வெளிப்படுகிறது. கொடுத்தேன் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடுகிற விஷயம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் சொன்னது இது:

"அவளுக்கு அந்த மருந்து ஒத்துக்காது."

"அலர்ஜியா?"

"அலர்ஜின்னு சொல்ல முடியாது." யோசித்தார். "ஆமா."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே. என்ன ஆகும்? மூச்சுத் திணறுமா, முகம் வீங்குமா, தடிப்பு வருமா?"

இருப்பதில் சின்னதாகப் பார்த்து எடுத்தார். "தடிப்பு. லேசான தடிப்பு."

"சிவந்து வருமா?"

"லேசா சிவக்கும்."

சிஸ்டர் போனைக் கீழே வைத்துவிட்டு நடக்கும் சத்தமும், திரைச்சீலையை இழுக்கும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"சார், கன்னம் ரெண்டும் நல்லா சிவந்திருக்கு. கழுத்தும்தான். நான் காய்ச்சல்னு நெனச்சேன். வேற யாராவது தெரியாம அந்த மருந்த குடுத்திருப்பாங்களா? வீட்டு வேலைக்கு வர்றவங்க யாராவது?"

"யாரும் குடுக்கல சிஸ்டர்."

"நல்லா யோசிங்க. வகுப்புல கூட இருக்கிற பிள்ளைங்ககிட்ட இருந்து? இல்ல, நான் ரிஸ்க் எடுக்கக்கூடாது. ஆம்புலன்ஸ் கூப்பிடறேன். அலர்ஜிக்கு ஊசி போட்டுக் கையோட அனுப்பிடறேன். ஆஸ்பத்திரிக்கு நேரா வந்துடுங்க."

"ஊசி எல்லாம் எதுக்கு?"

"மூச்சு அடைச்சதுக்கு அப்புறம் போடறதுக்கா சார்?"

பின்னணியில் மெல்லிய குரல் ஒன்று, எனக்கு ஊசி வேணாம் என்றது. நடைவழிக் கண்ணாடி வழியாக டைரக்டர்களில் ஒருவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சட்டம் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"குடுத்தேன்."

"என்னது சார்?"

"மருந்த நான்தான் குடுத்தேன். ரெண்டு வாட்டி. ஆம்புலன்ஸ் வேண்டாம். ஊசி வேண்டாம்."

"எப்ப எப்ப? எவ்வளவு?"

சொன்னார். மறுமுனையில் பேனா எழுதும் சத்தம்.

"அப்ப அலர்ஜி?"

"இல்ல."

"எதுக்கும் கிடையாதே?"

"எதுக்கும் கிடையாது."

"சரி. சாயங்காலம் வரைக்கும் அந்த மருந்து ஒரு சொட்டு கூடாது. தண்ணி குடுக்கறேன். வந்து கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ரெண்டு வாட்டி குடுத்ததையும் அவர்கிட்ட சொல்லிடுங்க." அவ்வளவுதான். திட்டவில்லை, அவருக்கு அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட வேண்டியிருந்தது.

டைரக்டர்களிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்பது நமக்கு வேண்டாம். உறவினர் ஒருவர் சீரியஸ் என்று சொன்னதாகக் கேள்வி. சிக் ரூம் வாசலில் இன்னொரு தந்தை, கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க பாப்பாவுக்கும் திடீர்னா சார்?"

"திடீர்னுதான்."

"நம்ம பையனும் காலைல ஓடி ஆடிட்டு இருந்தான்."

"பருவநிலை சரியில்ல" என்றார் சட்டம்.

இருவரும் பருவநிலையைப் பற்றி வருத்தத்துடன் தலையாட்டிக்கொண்டார்கள்.

உள்ளே நான்கு கட்டில்கள், நான்கு பிள்ளைகள், நான்கு நெற்றிகளிலும் ஐஸ். அவர் மகள் ஜன்னலோரம் படுத்திருந்தாள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். அழவில்லை. பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கேட்டுவிடாமல் அவர் காதருகே வந்து சொன்னாள்.

"சிஸ்டர் மூணு வாட்டி கேட்டாங்கப்பா. ஊசின்னு சொன்னப்பவும் நான் சொல்லவே இல்ல."

சொல்லிவிட்டு, பரிசு கிடைக்கும் என்று காத்திருக்கும் முகத்தோடு அவரையே பார்த்தாள். வாட்ஸப் குழுவில் எவர் என்ன கேட்டாலும் பதில் வைத்திருக்கிற மனிதர், அவள் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"இப்ப சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லும்மா."

"சிஸ்டர்" என்றாள் பிள்ளை, அறை முழுக்கக் கேட்கும்படி. "நான் மருந்து சாப்பிட்டேன். வீட்ல ஒண்ணு, கார்ல ஒண்ணு. அப்பாதான் சொல்ல வேணாம்னாங்க."

"தெரியும் கண்ணு. படுத்துக்கோ" என்றார் சிஸ்டர், வேறு ஒரு நெற்றியைத் தொட்டபடி. வாசலில் நின்றிருந்த தந்தை தன் பையனின் கட்டில் பக்கம் அவசரமாக நடந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும். உங்கள் பிள்ளைக்கு வருவதெல்லாம் உண்மையிலேயே லேசான சூடுதான். ஆனாலும் இதை நீங்கள் ஒரு வேலை நாளில், முற்பகலில், அலுவலக மேசையில் ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தால், குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கும் கைபேசியை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்கலாம். எடுத்தால் ஒரு கேள்வி கேட்பார்கள், ஒன்றே ஒன்று. அதற்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்களா?

அப்படியானால் கிளம்புங்கள். உங்கள் பிள்ளை இருப்பது நான்காவது கட்டில்.