முப்பத்திரண்டு ஜிபியும் ஒற்றைக் காதும்

தன்னம்பிக்கைக்கு என்னிடம் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. அறிவுக்குத்தான் அவ்வப்போது தட்டுப்பாடு வரும். (என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) அப்படி ஒரு தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் அண்ணன் மகன் கவினுக்குக் காதுகுத்து வந்தது. அவனுக்கு அப்போது மூன்று வயது. எனக்கு ஒரு புது டிஜிட்டல் கேமரா.

"போட்டோகிராபரெல்லாம் எதுக்கு? நான் இருக்கேன்ல" என்று பேசிப் பேசியே, அண்ணன் சொல்லி வைத்திருந்த ஸ்டுடியோக்காரரை வேண்டாமென்று சொல்ல வைத்துவிட்டேன். அண்ணிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"தம்பி, நீங்க ஆயிரம் படம் எடுங்க. எனக்கு ஒரே ஒரு படம் தப்பாம வேணும். எங்கண்ணன் மடியில புள்ள இருக்க, காது குத்துற படம். அம்மா அப்பா இல்லாத வீட்டுல இருந்து அவரு ஒத்த ஆளா சீர் கொண்டு வாராரு."

"அண்ணி, அந்தப் படத்த ஹால்ல மாட்ட இப்பவே ஆணி அடிச்சு வைங்க" என்றேன்.

மெமரி கார்டு வாங்க ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரே விலையில் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று எட்டு ஜிபி. இன்னொன்று முப்பத்திரண்டு.

"அண்ணே, எட்டு ஜிபிய எடுத்துக்கங்க. இந்தா, வட்டத்துக்குள்ள பத்துன்னு போட்டிருக்கு பாருங்க, அது வேகம். முப்பத்திரண்டுல இடம் நெறைய, ஆனா இதுல நாலுதான். படத்த எழுத நேரமாகும்."

"நேரமானா என்ன, பரீட்சையா எழுதப் போகுது?" என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். விருந்து என்றால் அண்டா பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது. ஒரே விலைக்கு நாலு மடங்கு கிடைக்கும்போது வட்டமாவது சதுரமாவது!

செக்கானூரணி தாண்டி எங்கள் குலசாமி கோயில். வில்லாபுரத்திலிருந்து அண்ணியின் அண்ணன் தட்டுத்தட்டாகச் சீரோடு மேளதாளத்துடன் வந்து இறங்கினார். நான் கேமராவை மிகப் பெரிய படம் விழும்படி வைத்து, பட்டனை அழுத்தியே பிடித்துக்கொண்டேன். அது சரசரவென்று படமெடுத்துத் தள்ளும் சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சுகத்தில் மொட்டையடித்ததை நாற்பது, மொட்டையில் சந்தனம் தடவியதை அறுபது என்று எடுத்துத் தீர்த்தேன்.

தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தான். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். நான் பட்டனை அழுத்தினேன். கேமரா அசையவில்லை. சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மினுக் மினுக்கென்றது. நான் எடுத்த சந்தனத்தையெல்லாம் அந்தக் கார்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது. அதற்குள் வலது காது முடிந்துவிட்டது!

காது குத்துகிறவர்களிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. முதல் காதின் வலி அழுகையாக வாய்க்கு வருவதற்குள் இரண்டாவது காதைக் குத்திவிட வேண்டும். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னும் ஒரு காது பாக்கி இருக்கிறது என்பதுதான்.

"ஆசாரியண்ணே, நிப்பாட்டுங்க! கேமரா ரெடியாகட்டும்!" என்று கத்தினேன்.

மேளம் நின்றது. கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி அவரும் நின்றார். கவின் அந்தக் கம்பியை நிதானமாக, மேலும் கீழும் பார்த்தான். தன் வலது காதைத் தொட்டுப் பார்த்தான். கணக்குப் புரிந்துவிட்டது. மாமன் கையில் ஒரு கடி கடித்துவிட்டு எழுந்து ஓடினான் பாருங்கள்! தலையெல்லாம் சந்தனம், பிடித்த கையெல்லாம் வழுக்கியது. கடைசியில் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வாழைப்பழம், பலூன், அப்பன் அதட்டல் எதற்கும் வரவில்லை. நல்ல நேரமும் முடிந்துபோனது.

"மிச்சக் காத அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார் மாமன். அண்ணி வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் ஆசாரி என்ற பேச்சை எடுத்தாலே அவன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இப்போது பசுமலையில் கல்லூரிக்குப் போகிறான். வலது காதில் மட்டும் சின்னக் கடுக்கன். கூடப் படிக்கிறவர்கள் ஸ்டைல் என்கிறார்களாம். அவனும் மறுப்பதில்லை.

முப்பத்திரண்டு ஜிபியில் உருப்படியாக விழுந்த படம் ஒன்றே ஒன்று. அவன் ஓடிய நிமிடத்தில்தான் சிவப்பு விளக்கு அணைந்தது. பதற்றத்தில் பட்டனை அழுத்தியிருக்கிறேன். மாமனின் காலி மடி, தூக்கிய கம்பியோடு ஆசாரி, என்னை முறைக்கும் மொத்தச் சொந்தமும் அத்தனை தெளிவாக விழுந்திருக்கிறது.

அண்ணி அதைப் பெரிதாகச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். வருகிறவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, "புள்ளைய எங்க காணோம்?" என்று கேட்பார்கள். என்னை உட்கார வைத்து, கையில் காபியையும் கொடுத்துவிட்டு அண்ணி பதில் சொல்வார்.

"ஊருல எல்லாரும் புள்ளையப் படம் பிடிப்பாக. எங்க கொழுந்தனாரு புள்ள போனதுக்கப்புறம் மடியப் படம் பிடிச்சவரு."