நசுக்கக் கூடாத சிலந்தி

மே மாதம் நான்காம் தேதி காலை, இரண்டாவது மாடி வாடகை வீட்டின் குளியலறையில், லிப்ட் மெக்கானிக்கின் வலது முன்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவந்த தடிப்பு காணப்பட்டது. தொட்டால் சுட்டது.

“ஏதோ கடிச்சிருக்கு,” என்றார்.

“அக்கா வீட்டுக்காரர்கிட்டக் கேளுங்க. லாரியில ஊர் ஊராப் போறவரு, அவர் பார்க்காததா?” என்றாள் மனைவி.

போட்டோ போனது. சகலை லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிட்டார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

“சகல, இது சிலந்தி!”

மெக்கானிக்கின் குரல் இறங்கிவிட்டது. “நல்லாத் தெரியுமா?”

“எனக்கா தெரியாது? வெயில் வந்தா சிலந்தியும் வந்துரும். போன வருஷம் என்னைப் படுத்தின பாடு! அக்குள், தொடை, உக்கார்ற இடம், ஒண்ணு பாக்கியில்ல. நின்னுக்கிட்டா லாரி ஓட்ட முடியும்?”

“இப்ப என்ன செய்யறது?”

“பயப்படாத. நசுக்க மட்டும் கூடாது, நசுக்கினா பரவிரும். அடிக்கடி சுடுதண்ணி வை, அடங்கிரும். வீட்டுல மத்தவங்களுக்கும் வரும், ஜாக்கிரதை.”

லைன் அறுந்தது.

மெக்கானிக் செல்போனில் ‘சிலந்திக்கடி’ என்று தேடினார். கருகிய விரல்களும் குழி விழுந்த தொடைகளும் வரிசையாக வந்தன. கடைசிப் படம்வரை பார்த்தார். அவருடையது வலது கை. ஸ்பேனர் பிடிக்கும் கை. லிப்ட் மேலேறும் இருட்டுக் கூண்டில் போல்ட்டைத் தடவியே கண்டுபிடிக்கும் கை. அது போனால் பிழைப்பும் போயிற்று.

“திங்கக்கிழமை ஆஸ்பத்திரி லிப்ட் வேலை இருக்கு. ஒத்தக் கையோட நான் என்னத்தைக் கழட்டறது?”

“கை இன்னும் உடம்போடதான் இருக்கு. அதால இந்த பீரோவைப் பிடிங்க,” என்றாள் மனைவி.

பீரோவுக்குப் பின்னால் சிலந்திகள் இருந்தன. பீரோ உள்ள எந்த வீட்டிலும் இருக்கும். நசுக்கக் கூடாதே! டம்ளரைக் கவிழ்த்து, அட்டையைச் செருகி, ஒவ்வொன்றையும் அலுங்காமல் ஜாடிக்குள் இறக்கினார்கள்.

“பால் ஏதாவது காய்ச்சித் தரட்டுமா இவங்களுக்கு?” என்றாள் மனைவி.

அடுத்தது சுடுதண்ணி. மூலைக்கு மூலை கொதிக்கக் கொதிக்கக் கிண்ணங்கள் வைக்கப்பட்டன.

“சிலந்திக்கு எதுக்குங்க சுடுதண்ணி?”

“அதுக்கு ஆவி ஆகாது போல. அனுபவஸ்தர் சொல்றார்ல?”

உட்காரும் இடத்தைப் பற்றிய எச்சரிக்கை நினைவிருந்ததால், மெக்கானிக் அன்று முழுவதும் நின்றுகொண்டே இருந்தார். சோபாவின் அடியில் ஏதோ அசைந்தது போலிருக்க, ஓரடி பின்வாங்கினார். கிண்ணத்துக்குள் கால் போயிற்று.

கால் வெந்த கோபத்தில் பூச்சி மருந்து டப்பாவை எடுத்து, சோபா, திரை, சொந்தச் சட்டைக் காலர் என்று ஒன்று விடாமல் அடித்தார். சிறிது நேரத்தில் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது.

“சொன்னபடியே பரவுதுடி!”

மனைவி முடியை ஒதுக்கித் தன் பிடரியைக் காட்டினாள். அங்கேயும் ஒரு சிவந்த தடிப்பு.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. “என் கை போனாப் போகட்டும். உன்னை ஏன்டி கடிச்சுது?”

மறுநாள் காலை டாக்டரம்மாவின் மேஜைமேல் ஜாடி வைக்கப்பட்டது.

“இதுல எது கடிச்சுது?”

“தெரியல டாக்டர். எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன்.”

“கடிக்கறதைக் கண்ணால பார்த்தீங்களா?”

“இல்ல.”

“சிலந்தி கடிச்சிருச்சுன்னு வர்றவங்க பெரும்பாலும் சிலந்தியைப் பார்த்திருக்கவே மாட்டாங்க.” டாக்டர் விளக்கைத் திருப்பினார். “கால்ல இருக்கறது சுடுதண்ணிக் காயம். கழுத்துல இருக்கறது பூச்சி மருந்து அலர்ஜி. கையில இருக்கறது வெறும் கட்டி. மயிர்க்கால்ல கிருமி புகுந்திருக்கு. நடுவுல வெள்ளையா சீழ் தெரியுது பாருங்க. வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே துண்டா?”

இருவரும் தலையாட்டினார்கள்.

“அதான் அவங்களுக்கும் வந்திருக்கு. சிலந்திக்கடி ஒட்டிக்காது, கட்டி ஒட்டிக்கும்.”

“அப்ப கை?”

“வச்சுக்கங்க, உங்க கைதானே? மாத்திரை தரேன். திங்கக்கிழமை கட்டுப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போங்க. நீங்களா நசுக்காதீங்க. சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. இந்த ஜாடியை எங்கயாவது தோட்டத்துல திறந்து விடுங்க.”

வெளியே வந்ததும் மெக்கானிக் சகலையைக் கூப்பிட்டார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கோபமாகப் பேசப் பார்த்தார்.

“என்ன சகல இப்படிப் பண்ணிட்டீங்க? சிலந்தியே இல்லையாம். கட்டியாம்!”

மறுமுனையில் சகலை லாரி எஞ்சினை அணைத்தார்.

“அதைத்தானேய்யா நானும் சொன்னேன்? எங்க பக்கம் கட்டிக்குப் பேரே சிலந்திதான்!”